வைப்அவுட் தடங்களின் பெயர்களில் ஒளிந்திருப்பது என்ன?

வைப்அவுட் என்பது தரையைத் தொடாமல் மிதக்கும் கப்பல்களில் எதிர்காலப் பந்தயம் ஓட்டும் வீடியோ கேம் தொடர்; ஓமேகா, 2097 எல்லாம் அதில் வந்தவை. அதைப் பற்றி நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: ‘வைப்அவுட் ஓமேகா கலெக்‌ஷன் முடித்துவிட்டு இப்போது பழைய 2097 ஆடுகிறேன். தடங்களின் பெயர்கள், அணிச் சின்னங்கள், ஓரத்துப் பலகைகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். நிஜமா, ரசிகர்கள் கட்டிவிட்ட கதையா?’ ரகசிய வாகனத்தைத் திறக்கும் பொத்தான் வரிசையை நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பெயர்களை உட்கார்ந்து யோசித்து வைத்த ஆள் ஒருவர் இருந்தாரா என்று கேட்கிறீர்கள். இருந்தார். ஆனால் ரசிகர்கள் விரல் நீட்டுகிற எல்லா இடத்திலும் இல்லை.

நான் ஆட்டம் உருவாக்குகிறவன் இல்லை. லோகோ, எழுத்துரு, அட்டை வடிவமைப்பு, இதுதான் இருபது வருடமாகத் தொழில். இந்த ஆட்டத்தைப் பார்ப்பதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆடுவதில் நான் சுமார் ரகம். வளைவில் ஏர்பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக அழுத்தி, சுவரை உரசிக்கொண்டே போகிற கூட்டம். அதில் ஒரு லாபம் உண்டு: சுவரில் முட்டி நிற்கிறவனுக்குத்தான் பலகைகளைப் படிக்க நேரம் கிடைக்கும்.

முதலில் சந்தேகமே இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1995 செப்டம்பரில் ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தபோது கூடவே வந்த ஆட்டம் வைப்அவுட். செய்தது லிவர்பூலில் இருந்த சிக்னோசிஸ். அந்த நிறுவனத்தை சோனி 1993-லேயே வாங்கிவிட்டிருந்தது. நிக் பர்கோம்ப், ஜிம் பவர்ஸ் என்ற இருவர் லிவர்பூலுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் பிர்கென்ஹெட் ஊரில், ஒரு மதுக்கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கிளம்பிய யோசனை இது. மேட்ரிக்ஸ் மராடர்ஸ் என்ற பழைய ஆட்டத்தில் வந்த மிதக்கும் கப்பல்கள் இரண்டு போட்டி போடுவதாக பவர்ஸ் ஒரு அனிமேஷன் செய்து வைத்திருந்தார். அதுதான் விதை. ஆக, முதல் வைப்அவுட்டின் கப்பல்களே ஒரு பழைய ஆட்டத்தின் வாரிசுகள்.

பெயருக்கும் மூலம் தெரியும். சர்ஃபாரிஸ் என்ற குழுவின் 1963-ஆம் வருடத்து ‘வைப் அவுட்’, ஆரம்பத்தில் ஒரு பைத்தியக்காரச் சிரிப்பும் அப்புறம் டிரம்ஸ் வெறியாட்டமுமாக வரும் கருவியிசை, அங்கிருந்து எடுத்தது. அலைச்சறுக்கில் பலகையிலிருந்து தூக்கி எறியப்படுவதற்கு அந்தச் சொல். 2052-இல் நடப்பதாகச் சொல்லும் பந்தயத்துக்கு அறுபதுகளின் கடற்கரைச் சொல்லைச் சூட்டியது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் கப்பலை ஓட்டிப் பார்த்தால் பொருத்தம் புரியும். காரைப் போல அது தரையைப் பிடிப்பதில்லை. மூக்கு ஒரு பக்கம் திரும்ப, உடம்பு இன்னொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. அலை மேல் பலகை போகிற மாதிரிதான்.

லோகோவில் நடுவே E என்ற ஒரு எழுத்து மட்டும் பெரிதாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தொண்ணூறுகளின் நடன விடுதிகளில் புழங்கிய ஒரு போதை மாத்திரையின் முதலெழுத்து என்று அன்றிலிருந்து இன்று வரை பேசுகிறார்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன், லோகோவை மட்டும் வைத்து இதை நிரூபிக்க முடியாது. ஒரு சொல்லுக்குள் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கலைத்துப் போடுவது அந்தக் காலத்தில் தொற்றுநோய் மாதிரி பரவியிருந்தது. இதே ஆட்டத்துக்கு இசையமைத்த டிம் ரைட், கோல்ட் ஸ்டோரேஜ் என்ற புனைபெயரை எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி, ‘ஓ’ இரண்டை மட்டும் சின்னதாகப் போடுவார். அதற்கு யாரும் மாத்திரை விளக்கம் சொல்வதில்லை. ஆட்டத்தின் மொத்த வாடையும் நடன விடுதியிலிருந்து வந்தது என்பது உண்மை. அந்த ஒற்றை எழுத்துக்கான விளக்கம் ஊகம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஆட்டத்தின் சின்னங்கள், எழுத்துருக்கள், அட்டை இவற்றின் முகம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த தி டிசைனர்ஸ் ரிபப்ளிக் என்ற வடிவமைப்புக் கூடத்தினுடையது. 1986-இல் இயன் ஆண்டர்சன் தொடங்கியது. அதே ஊரில் பிறந்த வார்ப் ரெக்கார்ட்ஸ் உள்ளிட்ட இசை நிறுவனங்களுக்கு உறை வடிவமைத்துப் பேர் வாங்கியவர்கள். போலிக் கம்பெனிச் சின்னங்கள், அர்த்தமில்லாத எச்சரிக்கைக் குறிகள், ஜப்பானிய எழுத்துகள், வணிக முத்திரையையே கிண்டல் செய்யும் வணிக முத்திரைகள், இதெல்லாம் அவர்கள் இசைத்தட்டு உறைகளில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த சேட்டை. வைப்அவுட்டில் அந்தச் சேட்டைக்கு ஒரு முழு உலகமே கிடைத்தது. இருக்கிற நிறுவனத்துக்கு லோகோ போடுகிறவன் நூறு பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும். இல்லாத நிறுவனத்துக்குப் போடுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தச் சுதந்திரம் ஒவ்வொரு பலகையிலும் தெரிகிறது. கொஞ்சம் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

ஷெஃபீல்டை ஞாபகம் வைத்துக்கொண்டு 1999-இல் வந்த மூன்றாவது ஆட்டத்துக்கு வாருங்கள். அதில் மேனர் டாப் என்று ஒரு தடம். வேறு கிரகத்துப் பெயர் மாதிரி ஒலிக்கிறதல்லவா? மேனர் டாப் என்பது ஷெஃபீல்டின் தென்கிழக்கில் இருக்கும் சாதாரணக் குடியிருப்புப் பகுதி. டிராம் நின்று போகும் இடம். மூன்றாவது ஆட்டத்தின் வடிவமைப்பும் அதே கூடத்தினுடையதுதான். உலகத்தின் அதிவேகப் பந்தயத் தடத்துக்கு, தங்கள் ஊர் டிராம் நிறுத்தத்தின் பெயர். ஊர்க்காரருக்கு மட்டும் புரிகிற சிரிப்பு இது. நீங்கள் தேடுகிற ‘ஒளித்து வைத்த குறிப்பு’ என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் இந்தத் தொடரில் எனக்குத் தெரியாது.

அதே ஆட்டத்தில் சாம்பா ரன் என்றொரு தடம் உண்டு. பிரேசில்காரர்கள் சாவ் பாவ்லோவைச் செல்லமாகக் கூப்பிடுவது சாம்பா என்றுதான். நடனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு: நடனம் Samba, இது Sampa. ஹி-ஃபூமி என்று இன்னொன்று. ஜப்பானியரின் பழைய எண்ணும் முறையில் ஒன்று, இரண்டு, மூன்று என்பதை ஹி, ஃபூ, மீ என்று எண்ணுவார்கள். மூன்றாவது ஆட்டம், அதன் லோகோவிலேயே ஒரு எழுத்துக்குப் பதிலாக 3 என்ற எண் நிற்கிறது, அதில் ‘ஒன்று-இரண்டு-மூன்று’ என்று ஒரு தடம். இது தற்செயல் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். நம்பவும் மாட்டேன்.

நீங்கள் இப்போது ஆடுகிற 2097, தொடரின் இரண்டாவது ஆட்டம், 1996-இல் வந்தது. அதன் பெயர்கள் வேறு மாதிரி. உலக வரைபடத்தை விரித்துப் பொறுக்கியவை. சாகர்மாதா தடம் நேபாளத்தில் இருப்பதாகக் காட்டுவார்கள். எவரெஸ்டின் நேபாளிப் பெயர் அது. நாம் கேட்டவுடன் சாகரம், மாதா என்று பிரித்துக் கடல் அன்னை என்று நினைத்துவிடுவோம். நேபாளியில் அந்தப் பின்பாதி ‘மாத்தா’, அதாவது நெற்றி அல்லது தலை. வானத்தின் நெற்றி என்று பொருள் சொல்வார்கள். எவரெஸ்ட் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்திருக்க, அதை விட்டுவிட்டு ஊர்க்காரர் வைத்த பெயரை எடுத்ததில் ஒரு ரசனை இருக்கிறது. தெரியாதவருக்கு அது கற்பனைக் கோள். தெரிந்தவருக்கு மலை.

வோஸ்டாக் ஐலண்ட் இன்னும் சுவாரசியம். ரஷ்ய மொழியில் வோஸ்டாக் என்றால் கிழக்கு. 1961-இல் ககாரின் விண்வெளிக்குப் போன கலத்தின் பெயரும் அதுதான். அதனால் ரசிகர்கள் நேராக ககாரினிடம் போய்விடுகிறார்கள். போக வேண்டியதில்லை. வோஸ்டாக் என்று பசிபிக்கில் நிஜமாகவே ஒரு தீவு இருக்கிறது. கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது, ஆள் வசிக்காத சின்னத் துண்டு. 1820-இல் அந்தப் பக்கம் போன ரஷ்யக் கப்பலின் பெயர் தீவுக்கு ஒட்டிக்கொண்டது. தடமும் பசிபிக்கில்தான் இருப்பதாகச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே பதில் இருக்கும்போது விண்வெளிக்கு ஏன் ஏற வேண்டும்? இப்படிப்பட்ட விஷயங்களில் நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: பெயர் வரைபடத்தில் இருக்கிறதா, ஆட்டம் காட்டும் இடம் அதோடு ஒத்துப்போகிறதா, செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா. மூன்றும் ஆம் என்றால் குறிப்பு. ஒன்று மட்டும் ஆம் என்றால் நம் மூளை போடும் கோலம்.

கேர் ட்யூரோப்பா தடம் பாரிஸின் கைவிடப்பட்ட சுரங்க ரயில் பாதையில் ஓடுகிறது. பெயரின் முன்பாதி பிரெஞ்சு, ரயில் நிலையம் என்று பொருள். பின்பாதி பிரெஞ்சு இல்லை. பிரெஞ்சில் கண்டத்தின் பெயர் யூரோப். யூரோப்பா என்பது இத்தாலியிலும் ஸ்பானியிலும். பிழையா, வேண்டுமென்றே செய்ததா? வேண்டுமென்றே என்பது என் கணிப்பு. மொழிகள் கலந்து கரைந்துபோன ஓர் ஐரோப்பாவை அந்த ஒரு பெயரிலேயே காட்டிவிடுகிறது.

இதே எண்ணம் அணிகளிலும் இருக்கிறது. முதல் ஆட்டத்தின் நான்கு அணிகளை ஒரு நிமிஷம் பாருங்கள். ஜப்பானின் ஏஜி சிஸ்டம்ஸ், வட அமெரிக்காவின் ஆரிகாம், ரஷ்யாவின் கைரெக்ஸ், ஐரோப்பாவின் ஃபெய்சர். ஃபெய்சர் என்பது முதலெழுத்துகளைக் கோத்த பெயர். விரித்தால் ‘கூட்டாட்சி ஐரோப்பியத் தொழில் அறிவியல் ஆராய்ச்சி’ என்கிற மாதிரி, கேட்டாலே கோப்புக் கட்டு வாசனை அடிக்கும் பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 1993 நவம்பரில்தான் அந்தப் பெயரோடு நடைமுறைக்கு வந்தது. ஆட்டம் வந்தது அதற்கு இரண்டே வருடம் கழித்து. சோவியத் யூனியன் கலைந்து நான்கு வருடம் கூட முடியவில்லை, அதற்குள் ஒரு தனியார் ரஷ்ய அணி. 2052 என்று மேலே எழுதியிருந்தாலும், வரைந்திருப்பது தொண்ணூறுகளின் செய்தித்தாளை. எதிர்காலக் கதைகள் எல்லாமே எழுதப்பட்ட வருடத்தின் முகவரியை எங்காவது விட்டுவிட்டுப் போகும். இங்கே அது அணிப் பட்டியலில் இருக்கிறது.

சரி, சந்தேகக் கணக்குக்கு வருகிறேன். ஓட்டுநர்களின் பெயர்கள். முதல் ஆட்டத்தில் ஆரிகாமுக்கு ஏரியல் டெட்சுவோ, கைரெக்ஸுக்கு ஏரியன் டெட்சுவோ என்று இருவர். டெட்சுவோ என்றதும் 1988-இல் வந்த ‘அகிரா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் நினைவுக்கு வரும். மோட்டார் சைக்கிள், நியான் வெளிச்சம், இடிந்த நகரம். அதில் டெட்சுவோ முக்கியப் பாத்திரம். ஆட்டத்தின் தோற்றத்தில் அந்தப் படத்தின் சாயல் எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் டெட்சுவோ ஜப்பானில் சாதாரண ஆண் பெயர். பாதிக்கு மேல் நம்புகிறேன், அவ்வளவுதான். முன்பெயர் இன்னும் உறுத்துகிறது. அதை எழுத்துக்கூட்டியிருப்பது விண்டோஸ் 3.1-உடன் 1992-இல் எல்லாக் கணினிக்கும் போய்ச் சேர்ந்த ஏரியல் எழுத்துருவை எழுதுகிற அதே விதத்தில். வடிவமைப்பாளர்களுக்கு அந்த எழுத்துருவைக் கண்டால் ஆகாது. ஹெல்வெட்டிகா என்ற பேர்பெற்ற எழுத்துருவின் இடத்தில் வந்து உட்கார்ந்த மலிவுப் பதிப்பு என்று திட்டுவோம். ஒரு ஓட்டுநருக்கு அந்தப் பெயர் இருப்பதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் என் அளவுகோலை எனக்கே பிடித்துப் பார்த்தால் இது தேறாது. எழுத்துருவோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவனுக்கு எங்கு பார்த்தாலும் எழுத்துரு தெரியும்.

பலகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜப்பானிய எழுத்துகளைப் பெரும்பாலும் அலங்காரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஐரோப்பிய ஆட்டக்காரர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் மிகக் குறைவு. படிக்க முடியாத எழுத்து, வடிவமாக மட்டும் கண்ணில் படும். அதற்காகவே போட்டார்கள். 2097-இல் ரெட் புல் பலகை வருகிறதே, அது மட்டும் நிஜ விளம்பரம். போலிக் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு நிஜக் கம்பெனி. இதில் என் கதை கொஞ்சம் அவமானமானது. அந்தப் பானத்தைக் கண்ணாலேயே பார்த்திராத காலத்தில் இந்த ஆட்டத்தை ஆடினேன். காளைகள் முட்டிக்கொள்ளும் அந்தச் சின்னத்தையும் ஷெஃபீல்டுக்காரர்கள் கற்பனை செய்தது என்று நம்பி, ‘பிரமாதமான போலி லோகோ’ என்று ஒரு நண்பனிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பல வருடம் கழித்து ஒரு கடை அலமாரியில் வரிசையாக அதைப் பார்த்தபோது, ஆட்டத்துக்குள்ளிருந்து ஏதோ வெளியே நழுவி விழுந்துவிட்ட மாதிரி இருந்தது. போலி எது, நிஜம் எது என்று தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றால் அந்தப் போலிகளின் தரம் அப்படி.

ஒளிந்திருப்பவற்றில் ஒன்று ஆட்டம் வந்த சிடி தட்டிலேயே இருக்கிறது. முதல் இரண்டு ஆட்டங்களின் பிளேஸ்டேஷன் தட்டில் பாடல்கள் சாதாரண ஆடியோ சிடி வடிவத்திலேயே பதிவாகியிருக்கின்றன. பழைய சிடி பிளேயர் இருந்தால் போட்டுப் பாருங்கள். சிடியின் முதல் பதிவுத் தடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள். அது ஆட்டத்தின் தரவு, சில பிளேயர்களில் காதைக் கிழிக்கும் இரைச்சலாக வரும். இரண்டாவதிலிருந்து இசை. ஐரோப்பியப் பதிப்பின் முதல் ஆட்டத்தில் லெஃப்ட்ஃபீல்ட், கெமிக்கல் பிரதர்ஸ், ஆர்பிட்டல் ஆகியோரின் பாடல்கள் உண்டு. ஆர்பிட்டல் பாடலின் பெயர் ‘பெட்ரோல்’, எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்தது. எரிபொருள் நாற்றமே இல்லாத மிதவைப் பந்தயத்துக்கு அந்தப் பெயரில் ஒரு பாடல் அமைந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. 2097-இல் பிராடிஜியின் ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ பாடுகிற குரல் இல்லாமல் வரும்.

தலைகீழான குறிப்பும் ஒன்று உண்டு. 1995-இல் வந்த ‘ஹேக்கர்ஸ்’ படத்தில், ஒரு நடன விடுதியில் பெரிய திரையில் நாயகனும் நாயகியும் மாறி மாறி ஆடுவார்களே, அது வைப்அவுட். வீட்டில் ஓடுகிற ஆட்டம் இல்லை, படத்துக்காக முன்கூட்டியே வரைந்து வைத்த காட்சி. படத்தைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை வாங்கியவர்கள் ‘படத்தில் வந்த தடம் எங்கே’ என்று தேடியதுண்டு. தட்டில் அப்படி ஒன்று கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிற்கால ஆட்டங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பெரும்பாலும் அவை தங்களையே மேற்கோள் காட்டிக்கொள்கின்றன. முதல் ஆட்டத்தில் ஆல்டிமா VII, 2012-இல் வந்த ‘வைப்அவுட் 2048’ ஆட்டத்தில் ஆல்டிமா. 2097-இல் டாலன்ஸ் ரீச், பிறகு டாலன்ஸ் ஜங்ஷன். ‘சோல் 2’ என்று ஒரு தடம் முதலில் வந்து, 2048-இல் ‘சோல்’ பின்னால் வருகிறது, கதைப்படி காலம் பின்னோக்கிப் போவதால். பழைய ரசிகனுக்குக் கண் சிமிட்டுகிற வேலை, அவ்வளவுதான். ஆனால் 2005-இல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு வந்த வைப்அவுட் ப்யூரில் இரண்டு பெயர்களை மட்டும் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஒன்று சிட்டா நுவோவா. இத்தாலியில் புதிய நகரம். 1914-இல் அந்தோனியோ சான்ட்எலியா என்ற இளம் கட்டடக் கலைஞர் மிலானில் காட்சிக்கு வைத்த வரைபடங்களின் தலைப்பு இதுதான். படிப்படியாக உள்வாங்கும் மாடிக் கட்டடங்கள், வெளிச்சுவரில் ஏறும் லிஃப்டுகள், அடுக்கடுக்காக ஓடும் சாலைகளும் ரயில்களும். அவர் சேர்ந்த ஃப்யூச்சரிஸ்ட் இயக்கம் வேகத்தையே புது அழகு என்று கும்பிட்டது. பாய்ந்து வரும் பந்தயக் கார் பழைய கிரேக்கச் சிலையைவிட அழகு என்று 1909-இலேயே அறிக்கை விட்டவர்கள். சான்ட்எலியா 1916-இல் முதல் உலகப்போரில் இறந்துபோனார். வரைந்த நகரத்தில் ஒரு கட்டடம்கூட எழவில்லை. எதிர்கால நகரத்தில் அதிவேகப் பந்தயம் நடத்துகிற ஆட்டத்தில் இந்தப் பெயர் வெறுமனே வந்து உட்கார்ந்திருக்காது. வடிவமைப்புப் பள்ளியில் முதல் வருடம் படித்த யாருக்கும் தெரிந்த பெயர்.

மற்றது வினேட்டா கே. இது உங்களிடமே இருக்கிறது, ஓமேகாவில் உண்டு. பால்டிக் கடலோர மக்கள் சொல்லும் கதையில் வினேட்டா ஒரு பணக்காரத் துறைமுக நகரம். செருக்கு முற்றி, கடல் அதை விழுங்கிவிட்டது. அமைதியான நாளில் நீருக்கடியிலிருந்து மணியோசை கேட்கும் என்பார்கள். கடல் கொண்ட பூம்புகாரைத் தெரிந்த நமக்கு இந்தக் கதை புதிதில்லை. அந்தத் தடம் கடற்கரையில் தொடங்கி நீருக்கடியில் இறங்கும். பந்தய முறையில் ஓட்டினால் அது கண்ணில் தங்காது. டைம் ட்ரையலில் தனியாகப் போய், முடுக்கும் த்ரஸ்ட் பொத்தானை விட்டுவிட்டு, அந்த இறக்கத்தில் மெதுவாக மிதந்து போங்கள்.